தூசியை எல்லை தாண்டி அனுப்பினால் தீர்ந்ததா?

டில்லியில் மாடிமேல் மாடி எழும்பும்போது அரவல்லி மலை தேய்கிறது. நாம் தலையில் சுமந்த ஜல்லி அந்த மலையின் எலும்பு. பூச்சு வேலைக்கு நாம் கலக்கிய சிவப்பு மணலுக்குப் 'பதர்பூர்' என்று பெயர் வந்ததே டில்லியின் தென்கோடி ஊர் ஒன்றால்தான்.

1992-ல் உச்சநீதிமன்றம் டில்லியிலிருந்த கிரஷர்களை வெளியேற்றச் சொன்னது. எங்கே போயின? எல்லைக்கு அப்பால், ஹரியானாவின் பாலிக்கு! பெரிய மனிதர்களின் ஜன்னலை விட்டுத் தூசி போயிற்று, சுற்றுச்சூழல் காப்பாற்றப்பட்டதாம். லால்குவான் கிரஷர்களில் உழைத்தவர்களின் நெஞ்சுக்குள் இருந்த தூசியை எந்த எல்லைக்கு அனுப்புவது? கல்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாவதே சிலிகோசிஸ். அதைக் குணமாக்க மருந்து கிடையாது. இருமிக்கொண்டு போனவர்களுக்குக் காசநோய் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நஷ்டஈடு கேட்டால், வேலை பார்த்ததற்கு அத்தாட்சி எங்கே என்கிறார்கள். எந்தக் காண்டிராக்டர் நம் பெயரைப் பதிவேட்டில் எழுதினான்?

அங்கே உடைத்தவர்கள் ராஜஸ்தான், உ.பி. ஆட்கள்தானே, நமக்கென்ன என்று சொல்லாதீர்கள். டைல்ஸ் அறுக்கிறவர், மார்பிள் தேய்க்கிறவர், சிமென்ட் கொட்டுகிற சித்தாள் நம் வீட்டிலும் உண்டு.

2009-ல் பரீதாபாத், குர்கான், மேவாத் அரவல்லியில் சுரங்கங்களை நீதிமன்றம் நிறுத்தியது. அதற்குள் பட்கல் ஏரி வறண்டு போயிருந்தது. திருட்டு வெட்டு ஓயவில்லை. 2022 ஜூலையில் நூஹ் அருகே அதைத் தடுக்கப் போன டி.எஸ்.பி. சுரேந்திர சிங்கை டிப்பர் லாரி ஏற்றிக் கொன்றார்கள்.

"குவாரியை மூடினால் பிழைப்பு போகுமே" என்று நம்மவர் சிலரும் சொல்கிறார்கள். இது காண்டிராக்டர் சொல்லிக் கொடுத்த பாட்டு. 1983 டிசம்பர் 16-ல் பரீதாபாத் குவாரித் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி என்ன உத்தரவிட்டார் தெரியுமா? கிரஷருக்கு மேல் டிரம் வைத்து இடைவிடாமல் தண்ணீர் தெளி, இல்லையேல் தூசி உறிஞ்சும் எந்திரம் வை! ஒரு டிரம், ஒரு குழாய். இதற்கு எந்த முதலாளி திவாலாகியிருப்பான்? அந்தக் காசையும் மிச்சம் பிடித்தவர்களா நம் பிழைப்புக்கு அழுகிறவர்கள்!

மறுபக்கம், காரிலிருந்து மலையைப் பார்த்து "மூடு" என்று மட்டும் சொல்பவர்கள். மூடிய குவாரியின் தொழிலாளி நாளைக்கு எதைச் சாப்பிடுவான் என்று அவர்கள் கேட்பதில்லை.

நாம் கேட்பது வேறு. தண்ணீர்த் தெளிப்பும், ஆள் பதிவேடும், ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரேயும் இல்லாத கிரஷருக்கு லைசென்ஸ் கூடாது. இடிபாடுகளை அரைத்து ஜல்லி செய்யும் ஆலை புராரியில் 2009-லேயே வந்துவிட்டது. அரசாங்கக் கட்டடங்களுக்கு முதலில் அந்த ஜல்லியை எடுக்கட்டும். சிலிகோசிஸ் நோயாளிக்கு ராஜஸ்தான் 2019-ல் தனிக் கொள்கை வகுத்து உதவித்தொகை தருகிறது. தலைநகரத்துக்கு மட்டும் கை வராதா?

இருமல் விடாதவர்கள், கல்தூசியில் வேலை பார்த்ததை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த சைட், எந்த மேஸ்திரி, எத்தனை வருஷம் என்று எழுதிக்கொள்ளச் சங்கத்தில் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம்.