மத்தியானத் தூக்கமும் சில நாட்டாமைகளும்

போன வாரம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பந்தி முடிஞ்சு வெத்தலை போடற நேரம். ஒரு பெரியவர் ஆரம்பிச்சார்: "இந்தக் காலத்துப் பொம்பளைங்க மத்தியானம் தூங்கித் தூங்கியே உடம்பைப் போட்டுடறாங்க." சுத்தி உக்காந்திருந்த அத்தனை பேரும் ஆமாம் சாமி. அவர் வீட்டு அம்மா விடிகாலை நாலரைக்கு எழுந்திருக்கறவங்க. ஐயா கண்ணு முழிக்கறது ஏழு மணிக்கு, காபி வாசனை வந்தப்புறம் :-)

இந்தத் தீர்ப்பைக் கேட்டுக் கேட்டு சலிச்சுப் போச்சு மக்களே. அதான் இந்தப் பதிவு.

முதல்ல சின்னக் கணக்கு. 60 கிலோ எடை உள்ள ஒருத்தர் அரை மணி நேரம் தூங்கறதுக்கும், அதே அரை மணி உக்காந்து டிவி பாக்கறதுக்கும் செலவாகற கலோரியில வித்தியாசம் பத்து அளவுதான். ஒரு மேரி பிஸ்கட்ல பாதி கூட இல்லை. டிவி பாக்கறவங்களை யாரும் திட்டறதா தெரியலை.

எடைக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்ல வரலை. இருக்கு. ஆனா குத்தவாளி வேற. 2004ல சிகாகோ பல்கலைக்கழகத்துல 12 ஆரோக்கியமான இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டாங்க. 'போதும்'னு மூளைக்குச் சொல்ற லெப்டின் 18 சதவீதம் குறைவு. பசியைக் கிளப்பற க்ரெலின் 28 சதவீதம் அதிகம். இனிப்பு, மாவுப் பண்டங்கள் மேல தனி ஆசை. (ராத்திரி ரெண்டு மணிக்குப் பதிவு எழுதிட்டு மிக்சர் டப்பாவைத் தேடற நம்ம கூட்டம் கவனிக்க.)

'வெறும் 12 பேர்தானே'ன்னு கேக்கலாம். நியாயம்தான். 2022ல வந்த ஆய்வுல எடை கூடின 80 பேர், எல்லாரும் ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாத் தூங்கறவங்க. அதுல பாதிப் பேருக்கு தூக்கத்தை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல கூட்டினாங்க. டயட் இருன்னு யாரும் சொல்லலை. ஆனாலும் மத்தவங்களோட ஒப்பிட்டா தினம் 270 கலோரி கம்மியா சாப்பிட்டிருக்காங்க.

நம்ம சென்னையிலயே 452 பேரை வச்சு நடந்த ஆய்வு 2021ல வந்தது. ராத்திரி எட்டு மணி நேரம் படுக்கையில இருக்காங்க, தூங்கறது அஞ்சரை மணி நேரம். மத்தியானம் வேலை இடத்துல அரை மணி தூங்க விட்டதும் மனசும் கவனமும் வேலையும் தேறிச்சு. இது எடை பத்தின ஆய்வு இல்லைதான். ஆனா மத்தியானத் தூக்கம்னாலே சோம்பேறித்தனம்ங்கற பேச்சுக்கு இது போதும்.

நாட்டாமைக்கும் ஒரு பாயிண்ட் தர்றேன். ஸ்பெயின்ல முர்சியாவுல 3,275 பேரைப் பாத்து 2023ல எழுதினாங்க. அரை மணிக்கு மேல பகல்ல தூங்கறவங்களுக்கு எடை அதிகம். குட்டித் தூக்கம் போடறவங்களுக்கு அப்படி இல்லை. சரி, தூக்கத்தால எடையா, எடையால தூக்கமா?

இங்கதான் எங்க அத்தை வர்றாங்க. பேசிட்டு இருக்கும்போதே தூங்கிடுவாங்க. கொறட்டை மூணு வீட்டுக்குக் கேக்கும். சின்னப் பசங்க நாங்க "லாரி ஸ்டார்ட் ஆயிடுச்சு"ன்னு சிரிப்போம். "தின்னுட்டுத் தூங்கினா உடம்பு இப்படித்தான் ஆகும்"பார் மாமா. ஒரு நாள் அடுப்புல பாலை வச்சுட்டு உக்காந்தபடியே தூங்கிட்டாங்க, பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. அப்பவும் திட்டுதான் விழுந்தது.

பல வருஷம் கழிச்சு, பி.பி.க்குப் பாத்த டாக்டர்தான் "கொறட்டை நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதா?"ன்னு கேட்டார். ராத்திரி பூரா ஒயர் மாட்டிப் பாத்தா ஸ்லீப் ஆப்னியா. கழுத்துல கொழுப்பு சேர்ந்து தொண்டை வழி அடைபடும், மூச்சு நிக்கும், மூளை பதறி உசுப்பும். மணிக்கு முப்பது தடவைக்கு மேல போனா கடுமையான வகை. அத்தைக்கு அதையும் தாண்டி இருந்தது. அத்தனை வருஷமா அவங்க ராத்திரியில தூங்கவே இல்லைங்க. நாங்க சிரிச்சுட்டு இருந்தோம்.

இப்ப மூக்குல மாஸ்க் மாட்டிக்கிட்டு படுக்கறாங்க. எடை அப்படியேதான் இருக்கு, மெஷின் அதைக் குறைக்காது. ஆனா பகல் தூக்கம் தானா பத்து நிமிஷமாச் சுருங்கிடுச்சு.

மாமா? ரிடையர் ஆனதுலேருந்து தினம் சாப்பிட்டதும் ரெண்டு மணி நேரம் தூங்கறார். அவரை யாரும் ஒண்ணும் சொல்றதில்லை.