விதிகளின் வழியே பறிபோகும் மருந்துரிமை

போர்முனைகளிலும் அகதி முகாம்களிலும் சிகிச்சையளிக்கும் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பை, 1999இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற தொண்டு நிறுவனமாகவே பலரும் அறிவர். ஆப்பிரிக்காவில் அதன் மருத்துவர்கள் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு வழங்கும் மாத்திரைகளில் பெரும்பகுதி இந்திய ஆலைகளில் தயாரானவை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தின் அறிவுசார் சொத்துரிமை வரைவு 2022இல் கசிந்தபோது அந்த அமைப்பு எச்சரிக்கை விடுத்ததற்குக் காரணம் இதுவே. எதிர்ப்பின் பலனாக வரைவிலிருந்த சில கொடிய நிபந்தனைகள் நீங்கின. எனினும் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் கவலைக்குரியதாகவே உள்ளது.

2001ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். எச்.ஐ.வி. நோயாளி ஒருவருக்கு ஓராண்டு கூட்டு மருந்துக்குப் பன்னாட்டு நிறுவனங்கள் 10,000 டாலருக்கும் மேல் விலை வைத்திருந்தன. அதே மருந்துகளை 350 டாலருக்கு இந்த அமைப்புக்குத் தர இந்தியாவின் சிப்லா நிறுவனம் முன்வந்தது. இதைச் சிப்லாவின் தாராள மனம் என்று மட்டும் கொள்வது பிழை. மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தராமல், தயாரிப்பு முறைக்கு மட்டும் தந்த 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமே அதைச் சாத்தியமாக்கியது.

உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் 2005இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு கொண்டுவந்த திருத்த மசோதாவில் இடதுசாரிகள் போராடிச் சேர்த்த பாதுகாப்புகளுள் 3(டி) பிரிவு முதன்மையானது. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்பதை அது தடுக்கிறது. அதை எதிர்த்து நோவார்ட்டிஸ் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது, வழக்கைக் கைவிடக் கோரி ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ நடத்திய இயக்கத்தில் உலகெங்கும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். 2007இல் அந்த வழக்கு தள்ளுபடியானது. கிளிவெக் என்னும் ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு அந்நிறுவனம் கோரிய காப்புரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது.

இந்த அமைப்பின் எல்லா நிலைபாடுகளையும் நாம் ஏற்பதில்லை. அதன் நிறுவனர்களுள் ஒருவரான பெர்னார் குஷ்னேர், அதிலிருந்து விலகிய பின் ‘மனிதாபிமானத் தலையீடு’ என்ற பெயரில் படையெடுப்புகளுக்கு நியாயம் கற்பித்ததை மறக்கவும் இல்லை. ஆனால் நோயாளிக்கும் மருந்துக்கும் இடையே நிற்பது காப்புரிமையே என்று கண்டு, அதை எதிர்க்கத் துணிந்த தொண்டு நிறுவனங்கள் மிகச் சிலவே.

அண்மைக்காலச் சான்று பெடாகுவிலின். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான இம்மருந்தின் முதன்மைக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தது. அதை மேலும் நான்காண்டு நீட்டிக்க ஜான்சன் அண்டு ஜான்சன் முயன்றது. எதிர்த்து மனுச் செய்தவர்கள் இரு பெண்கள்: ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய மருந்துகளின் நச்சால் செவித்திறனை இழந்தவர்கள். ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அவர்களுக்குத் துணை நின்றது. அந்த ஆண்டு மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் கோரிக்கையை நிராகரித்தது.

இத்தகைய மனுவுக்கு அன்று கட்டணம் கிடையாது. 2024 மார்ச்சில் மோடி அரசு கொண்டுவந்த விதித் திருத்தம் கட்டணம் விதித்ததுடன், மனுவை ஏற்பதா வேண்டாமா என்று தொடக்கத்திலேயே தீர்மானிக்கும் அதிகாரத்தையும் காப்புரிமை அதிகாரிக்கு அளித்துள்ளது. காப்புரிமை பெற்ற பொருள் இந்தியாவில் உற்பத்தியாகிறதா, கிடைக்கிறதா என்று நிறுவனங்கள் ஆண்டுதோறும் அளித்து வந்த அறிக்கை, மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும் என்றாகிவிட்டது. சட்டத்தைத் தொடாமல் விதிகளின் வழியே காரியம் முடிக்கப்பட்டிருக்கிறது.

பிரிட்டன் ஒப்பந்தமோ, மருந்து கிடைக்கச் செய்யும் உகந்த வழி நிறுவனங்கள் தாமாக வழங்கும் உரிமமே என்கிறது. 2012இல் நெக்சவார் என்னும் புற்றுநோய் மருந்தைத் தயாரிக்க ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் தரப்பட்டது, மாதம் 2.8 லட்சம் ரூபாயாக இருந்த விலை 8,800 ரூபாயாக இறங்கியது. பேயர் நிறுவனம் தானாக முன்வரட்டும் என்று காத்திருந்தால் இது நடந்திருக்குமா? அதன்பின் இன்றுவரை இந்தியாவில் ஒரு கட்டாய உரிமம்கூட வழங்கப்படவில்லை.

2024ஆம் ஆண்டு விதித் திருத்தத்தை அரசு திரும்பப் பெற வேண்டும். இனி நடக்கும் வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில் மருந்துக் காப்புரிமை தொடர்பான வரைவுகளைக் கையெழுத்துக்கு முன்பே நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.