தலையெழுத்தும் புள்ளியும்

சோம்பல் என்றும், மனத்திடமின்மை என்றும், தலையெழுத்து என்றும் நம்மவர் மூவகையாகப் பெயரிட்டு ஒதுக்கும் நோயொன்று உளது. மருத்துவர் அதனை மனச்சோர்வு என்பர். உறக்கம் கெடும், உணவில் விருப்பங் குன்றும், முன்பு மகிழ்வளித்தவை யாவும் சுவையற்றுப் போகும், உயிர்வாழ்தலே சுமையாகத் தோன்றும். வன்னி மண்ணில் வாழும் நாம் இந்நோயை அறியாதவர் அல்லர். அறிந்தும் நோயாக மதிக்கின்றோமா என்பதே என் வினா.

புதுக்குடியிருப்பு மக்கள் தாங்கியவற்றைச் சுருங்கக் கூறலாம். 2004 டிசெம்பர் 26இல் கடற்கோள் முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் போர் இவ்வூரைச் சூழ்ந்தது. பெப்ரவரியில் இவ்வூர் வைத்தியசாலையும் எறிகணைக்குத் தப்பவில்லை. மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் ஓடி உயிர் பிழைத்தோர் மெனிக்பாம் முகாமில் முட்கம்பிக்குள் அடைபட்டனர். அம்முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. மீண்டோருக்கு இடிந்த வீடும், காணாமற்போன பிள்ளையைத் தேடும் அலைச்சலும், பின்னர் நுண்கடன் தவணையும் காத்திருந்தன. ஒரு நாளில் வந்துபோகும் அச்சம் ஒன்று. ஆண்டுக்கணக்கில் ஓயாத நெருக்கீடு வேறொன்று.

இவ்வேறுபாட்டை உடலும் அறியும். அச்சம் நேர்ந்ததும் மூளை கபச்சுரப்பியை ஏவ, அது சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனற் சுரப்பிகளை ஏவும். அங்கிருந்து கோட்டிசோல் என்னும் ஓமோன் குருதியிற் கலந்து உடலை ஆயத்தஞ் செய்யும். அதே ஓமோன் மூளையை அடைந்து, அங்குள்ள வாங்கிகளிற் பொருந்தி, 'போதும்' என அறிவிக்கச் சுரப்பு அடங்கும். ஓயாத நெருக்கீட்டில் இவ்வடக்கம் குலையக்கூடும். மனச்சோர்வுற்றோர் பலரிடம் இக்குலைவு காணப்பட்டுள்ளது.

குலைவது எவ்வாறு? தமிழ் கற்றோர்க்கு இது எளிதில் விளங்கும். ககரத்தின்மேல் ஒரு புள்ளி இட்டால் எழுத்தின் வடிவம் மாறுவதில்லை; அதனோடு ஒலித்த அகரம் அடங்கிவிடுகின்றது. நம் கலங்களிலுள்ள டி.என்.ஏ. என்னும் ஏட்டிலும் இத்தகையதொரு முறை உண்டு. பெற்றோர் தந்த எழுத்துக்கள் மாறாதிருக்க, மெதைல் என்னும் சிறு இரசாயனக் கூட்டம் அவற்றின்மேற் புள்ளிபோல் அமர்ந்து சில மரபணுக்களை அடக்கிவிடும்.

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கல் மீனி குழுவினர் இதனை எலிகளிற் கண்டு 2004இல் வெளியிட்டனர். தாய் நன்றாக நக்கிப் பேணிய குட்டிகளில், மேற்கூறிய வாங்கிக்குரிய மரபணுவின்மேற் புள்ளி குறைவு. நெருக்கீட்டை அவை விரைவில் தணித்துக்கொண்டன. குறைவாகப் பேணப்பட்டவற்றிற் புள்ளி மிகுதி. பேணாத தாயின் குட்டியைப் பிறந்தவுடன் பேணுந் தாயிடம் விட்டபோது புள்ளியும் குறைந்தது. சிறுவயதிற் கொடுமைக்குள்ளாகிப் பின் தற்கொலையால் இறந்த மனிதரின் மூளையிலும் அதே மரபணுவிற் புள்ளி மிகுந்திருத்தலை 2009இல் அவர்கள் காட்டினர்.

அமெரிக்காவில் எரிக் நெஸ்லர் குழுவினர் 2006இல் இன்னொன்று கண்டனர். வலிய சுண்டெலியிடம் நாள்தோறும் தோற்ற சுண்டெலிகளின் மூளையில், டி.என்.ஏ. சுற்றியுள்ள புரதங்கள் மாற்றமுற்று, நரம்புக்கலங்களைப் பேணும் மரபணுவொன்று அடங்கிக் கிடந்தது. இமிப்பிரமின் என்னும் மனச்சோர்வு மருந்தைத் தொடர்ந்து கொடுக்க அது மீண்டும் எழுந்தது.

இவற்றால் யான் வலியுறுத்துவன இரண்டு. முதலாவது, மனச்சோர்வு ஒருவரின் குணக்கேடு அன்று. 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்று கூறி அகல்வது, கால் முறிந்தவனை ஓடு என்பது போலாம். இரண்டாவது, 'போர் நம் மரபணுவிற் புகுந்துவிட்டது. இனி நம் தலைமுறையே பழுது' என்று பேசுவோர் பழைய தலையெழுத்துக்குப் புதிய பெயர் சூட்டுகின்றனர். இப்புள்ளிகள் மனிதரிடம் தலைமுறை தாண்டிச் செல்லும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. இட்ட புள்ளி நீங்கவுங்கூடும் என்பதே அவ்வாய்வுகள் தரும் நற்செய்தி.

நோயின் அளவு சிறிதன்று. 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்த ஆய்வொன்றில் ஏறத்தாழ 22 வீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. இடம்பெயர்ந்திருந்தோரிடம் அவை இன்னும் மிகுதி. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனியாளை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் பிணித்த உறவுகளையுஞ் சிதைத்ததனை எடுத்துக்காட்டி, மருத்துவமும் குடும்பம், ஊர் என்னும் நிலைகளில் நிகழவேண்டும் என எழுதினார்.

திருவள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளியின் அருகிருந்து பணிபுரிபவனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். நம்மிடையே குறைவது அந்நான்காங் கூறே. இன்று நம் வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகள் போரின் பின் பிறந்தோர். அவர்களை வளர்ப்போரோ அதனூடு வந்தோர். எலிக் குட்டியின் கதையைக் கேட்டு எவரும் தாய்மாரைக் குறைகூறற்க. பிள்ளையைப் பேணுந் தாயைப் பேணுவார் யார் என்று கேட்டலே முறை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒருங்கு கூடும் ஊர், கூடியபின் கலையாது, துயருற்ற வீட்டின் திண்ணையிற் சென்று அமர்தல் வேண்டும். மருத்துவரிடம் செல்ல நாணுவோருடன் துணையாகவுஞ் செல்லல் வேண்டும். 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசி எண் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்படல் வேண்டும்.

ஆசிரியராகிய எமக்கும் கடனுண்டு. வகுப்பில் துயிலும் மாணவனைச் சோம்பேறி என்னுமுன், அவன் வீட்டில் இரவு எவ்வாறு கழிந்தது என வினவுதல் எம் கடன். விழா நினைவாக வளைவும் மண்டபமும் எழுப்ப எண்ணும் பழைய மாணவர் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். அச்செலவில் ஒரு பகுதியைக் கொண்டு, பயின்ற உளவளத்துணையாளர் ஒருவர் நாடோறும் அமர்ந்திருக்கத்தக்க சிறிய அறையொன்றைப் பள்ளிக்கு அளியுங்கள். அதன் வாயிலிற் பெயர்ப்பலகை வேண்டா. கதவு திறந்திருந்தாற் போதும்.