கேபிள்காரரும் வட்டியில்லாக் கடனும்

ஜிம் கேரியின் 'தி கேபிள் கை' (1996, இயக்கம் பென் ஸ்டில்லர்) பார்த்திருக்கிறீர்களா? ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும் கேபிள்காரரைத்தான் எல்லோரும் பைத்தியம் என்கிறார்கள். சிநேகிதனை ஜெயிலுக்கே அனுப்புவது அநியாயம்தான். ஆனால் 50 டாலர் நீட்டி, ஓசியில் படச் சேனல் கேட்டது யார்? மேத்யூ பிராடரிக்தானே! வட்டி பேசாமல் வாங்கும் கடன்தான் ஆபத்தானது. டிவி வளர்த்த அந்தத் தனியாள் கேட்ட வட்டி, நட்பு.

தில்லிக்குப் புதிதாக வரும் நம்மவர்களும் இப்படித்தான். ஆர்.கே.புரத்தில் வீடு, காஸ் கனெக்‌ஷன், டி.டி.இ.ஏ. பள்ளியில் அட்மிஷன் என்று ஒருவர் ஓடி ஓடி உதவுவார். காரியம் முடிந்ததும் "மனுஷன் தொல்லை தாங்கலைப்பா" என்று போனை எடுக்க மாட்டோம். அவரும் ஊரை விட்டு வந்தவர்தானே?

ஒட்டாது என்றால் முதல் உதவியையே மறுத்துவிடுங்கள். வாங்கிக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை ஒரு காபியாவது கொடுங்கள். என்ன சொல்றீங்க?