பைபர் படகில் எதை ஏற்றுவது?

1972 வனவிலங்குச் சட்டத்தோடு காட்டு வேட்டைக்கு இங்கே கதவு சாத்தியாகிவிட்டது. மிச்சமிருப்பது கடல் வேட்டைதான்! காசிமேட்டில் தொழிலுக்குக் கிளம்பும் பைபர் படகில் வலை, ஐஸ் பெட்டி, எரிபொருள், தண்ணீர் கேன், சோற்றுத் தூக்கு... இதிலேயே இடம் அடைந்துவிடும். பிறகு கரையில் நிற்பது லைஃப் ஜாக்கெட். அதை மாட்டிக்கொண்டு வலை இழுப்பது கஷ்டம் என்பது நியாயமான புகார். சென்னைப் புழுக்கத்தில் அது ஒரு தண்டனையும்கூட. ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது குமரி மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். செல்போன் சிக்னல் அவ்வளவு தூரம் எட்டாது. ஜிபிஎஸ் கரைக்கு வழி காட்டும், கவிழ்ந்த ஆளை மிதக்க வைக்குமா? ஐஸ் கொஞ்சம் குறையட்டும். ஜாக்கெட்டும் விஎச்எஃப் கருவியும் ஏறட்டும். வலை இழுக்கத் தோதான, மெல்லிய ஜாக்கெட்டாகப் பார்த்து அரசு மானியத்தில் கொடுத்தால் மறுப்பவர்கள் குறைவு.