நெஞ்சின் உட்பகை

பகையின் திறங்களை விரித்துரைத்த வள்ளுவர், உட்பகைக்கெனத் தனியே ஓரதிகாரம் வகுத்தார். வாளோடு எதிர்வரும் பகைவனை யாவரும் அறிவர். உடனுறைந்து கெடுப்பவனை அறிதலே அரிது. அரசியலுக்கு உரைத்த அப்பொருள் ஆடவரைக் கொல்லும் மாரடைப்புக்கும் முற்றும் ஒக்கும் என்பது என் கருத்து.

“நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தார், திடீரென்று போய்விட்டார்.” எங்கள் புங்குடுதீவின் மரண வீடுகளில் யான் பலகாற் கேட்ட சொல் இது. இதிலுள்ள பிழை ‘திடீர்’ என்பதே. இருதய நாளங்களிற் கொழுப்புப் படிதல் ஒருநாட் செயலன்று, பல்லாண்டு நிகழ்வது. முடிவு மட்டுமே திடீரென வருகின்றது.

இலங்கை உட்பட 52 நாடுகளைத் தழுவி 2004ஆம் ஆண்டு வெளியான பேராய்வொன்று, ஆடவர்க்கு நேரும் முதல் மாரடைப்புகளில் 100க்கு ஏறத்தாழ 90ஐ ஒன்பது காரணிகளே விளக்கிவிடும் எனக் கண்டது. புகைத்தல், தீய கொழுப்பு, உயர் குருதியமுக்கம், சலரோகம், வயிற்றுப் பருமன், மனவழுத்தம் ஆகியன அவற்றுள் அடங்கும். தென்னாசிய மக்களுக்கு அம்முதல் தாக்குதல் நேரும் சராசரி வயது 53 என்றும், பிற நாட்டார்க்கு 59 என்றும் அவ்வாய்வினர் 2007இல் எடுத்துக்காட்டினர். பிள்ளைகள் இன்னும் கரைசேராத வயதன்றோ அது?

ஆடவர் இவற்றை அறியாதவரல்லர். சுருட்டுத் தீது என்பதைச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டே சொல்வாரை யாம் நாளும் காண்கின்றோம். அவர் அறியாதது, தம்மிடத்து அப்பகை உண்டோ இல்லையோ என்பதே. ஏறிய குருதியமுக்கம் பெரும்பாலும் நோவதில்லை. கொழுப்புக் குரல் கொடுப்பதில்லை. வலி வந்தபின்னரே வைத்தியரை நாடுதல் ஆண்மை எனக் கொண்டவனுக்கு இவற்றை அறிய வழியே இல்லை. அளந்தறிதல் ஒன்றே வழி. தம் காணி எத்தனை பரப்பு என்பதை உறக்கத்திலும் சொல்லும் எம்மவர், தம் குருதியமுக்கம் எவ்வளவு என்று வினவினால் விழிக்கின்றனர்.

பெண்டிர் நிலை வேறு. கருவுற்ற நாள்தொட்டு அவர்தம் குருதியமுக்கமும் நிறையும் அளக்கப்படுகின்றன. அளக்கும் பழக்கம் அவர்க்கு இளமையிலேயே வாய்க்கின்றது. ஆடவனுக்கு அத்தகைய வாய்ப்பில்லை. 2011 முதல் நாடெங்கும் அரசு அமைத்த ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இப்பரிசோதனைகள் இலவசமே. எனினும் அங்கும் வருவாருட் பெரும்பாலார் பெண்களே.

இதனால் ஆடவரை மட்டும் பழித்தல் நீதியன்று. பகற்பொழுதில் நிலையத்திற் காத்திருப்பின், கூலியாளும் கடற்றொழிலாளியும் அன்றைய ஊதியத்தை இழப்பர். ஆதலின் அளவுகருவி ஆடவர் கூடுமிடம் தேடி வரல்வேண்டும். மாலையிற் பத்திரிகை படிக்கும் சனசமூக நிலையமும், படகுக்குக் காத்திருக்கும் குறிகட்டுவான் துறையும், திருவிழாக் காலத்துக் கோயில் வீதியும் அதற்கேற்ற இடங்களல்லவா?

தீவார்க்கு இது பின்னும் இன்றியமையாதது. அடைபட்ட நாளத்தைத் திறக்கும் மருத்துவத்தில் ஒவ்வொரு நிமிடமும் உயிர்விலை பெறும். எமக்கோ யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை இரு தாம்போதிகளுக்கு அப்பாலுள்ளது. நெடுந்தீவார்க்கு அவற்றுக்கும் முன்னே ஒரு கடலும் உண்டு. இந்நிலையில் நெஞ்சிறுக்கமும் வியர்வையும் கண்டபோது, ‘வாயு’ எனப் பெயரிட்டுச் சோடா பருகிக் கிடத்தல் தற்கொலைக்கு நிகர். 1990 என்னும் எண்ணுக்கு உடனே அழைத்தல் வேண்டும். அதனினும் மேலானது, அந்நாள் வாராமற் காத்தல்.

ஆசிரிய அன்பர்காள்! பெற்றார் கூட்டங்களில் மாணவரின் புள்ளிகளைத் தந்தையர்க்கு உரைக்கின்றோம். இனி அத்தந்தையரின் எண்ணையும் ஒருமுறை கேட்போம். கேட்குமுன் நம் எண்ணை அறிந்துகொள்வோம்.