பூதாகரனும் நபிமார் வரலாறும்

தாம்பரத்தில் என்னிடம் ஓதும் சிறுவன் ஒருவன், இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் பூதாகரமான மனிதர்களுடன் பொருதும் குறும்படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, “ஹஜ்ரத், நன்னி சொன்ன ஊஜ் இப்படித்தான் இருந்தானா?” என்று கேட்டான்.

அந்தப் படம் தான் கற்பனை என்பதை மறைக்கவில்லை. ஊஜ் கதையோ மூஸா (அலை) அவர்களின் வரலாறாகவே நம் வீடுகளில், ஏன், சில மேடைகளிலும் சொல்லப்படுகிறது. அவன் உயரம் 3,333 முழமாம்! அதே இடைக்காலத்தில் வாழ்ந்து 1373இல் மறைந்த இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் இதைக் கட்டுக்கதை எனத் தள்ளினார்கள். ஆதம் (அலை) அவர்களின் உயரம் 60 முழம், அதன்பின் மனிதர்கள் குறுகியே வருகின்றனர் என்ற நபிமொழியே அவர்களின் ஆதாரம். ஜாலூத்தின் உயரத்தைக்கூடக் குர்ஆன் அளந்து சொல்லவில்லை.

படத்தைத் தடுக்கும்படி பெற்றோரிடம் நான் சொல்லவில்லை. நன்னியிடம்தான் அதபுடன் பேச வேண்டும்.